மாட்டாஸ்பத்திரி ஆளுங்களுக்கு ஒரு விழா: யாரைக் கூப்பிடறது, என்ன குடுக்கறது?

தொண்டுப்பட்டி (தாராபுரம் பக்கம்) – புதன், இரவு 9:10

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை உலகக் கால்நடை மருத்துவ நாள் வருதுங்கல்ல. எங்க பால் சொசைட்டியும் ஊர்ப் பசங்களும் சேர்ந்து இந்தத் தடவை சின்னதா ஒரு விழா எடுக்கலாம்னு பேசிட்டிருக்கோம். சுத்துப்பட்டுல மாடு, ஆடு, நாய், கோழின்னு எதுக்காவது ஓடியாந்து பார்க்கறவங்களைக் கூப்பிட்டு மரியாதை பண்ணணும். காசு ரொம்ப இல்லீங்க. ஆளுக்கு நூறு எரநூறு போட்டா பந்தல், டீ, காரம் போக ஏதோ கொஞ்சம் நிக்கும்.

முதல் கூட்டத்துல முடிவானது இது: டாக்டருக்குப் பொன்னாடை, கேடயம், ரோட்டுல ஒரு ஃப்ளெக்ஸ். எனக்கு மனசு ஒப்பலைங்க. போன மாசம் எங்க செவலைக்குக் கன்னு போட்ட கையோட அடி தள்ளிருச்சு, கருப்பையே வெளிய வந்துருச்சுங்க. ராத்திரி வந்து சர்க்கரையைத் தூவி வீக்கத்தை வத்த வெச்சு, உள்ள தள்ளித் தையல் போட்டது டாக்டர்தான், இல்லைங்கலை. ஆனா அவரு வந்து சேர்ற வரைக்கும் வெளிய தொங்கினதை ஈரச் சாக்குல ஏந்திப் பிடிச்சு, ஈ மொய்க்க விடாம, மாட்டைப் படுக்க விடாம நின்னது ஆஸ்பத்திரி உதவியாளர். அந்த மனுஷன் பேரு ஃப்ளெக்ஸ்ல இல்லை. கேட்டா, "அவரு டாக்டர் இல்லீங்களே"ங்கறாங்க.

யாரைக் கூப்பிடறது, என்ன குடுக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மாசுப்பு – புதன், இரவு 9:32

ஃப்ளெக்ஸ்ல டாக்டர் படம் தபால் தலை சைஸ்ல இருக்கும், பக்கத்துல நிக்கிற ஒன்றியச் செயலாளர் படம் ஆள் உயரத்துக்கு இருக்கும். எழுதி வெச்சுக்கோங்க.

பொன்னாடைக்குப் பதிலா நல்ல ஈரோட்டுத் துண்டா நாலு வாங்கிக் குடுங்க தலைவரே. கன்னு எடுத்தா கை துடைக்கவாவது ஆகும்.

வெட் அக்கா (தஞ்சைப் பக்கம், அரசு மருந்தகம்) – புதன், இரவு 10:48

சுப்பு கிண்டலாச் சொன்னாலும் அந்தத் துண்டு உண்மையிலேயே தேவை. தொண்டுப்பட்டி, நீங்க அந்த உதவியாளரை மட்டும் விட்டுடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

மாடு கன்னு போட முடியாமக் கெடக்குன்னு ராத்திரி போன் வரும். போய்ப் பார்த்தா முன்னங்கால் ரெண்டும் வெளிய தெரியும், தலையைக் காணோம். உள்ள கை விட்டா தலை விலாப் பக்கமாத் திரும்பிக் கிடக்கும். அப்போ இழுக்கவே கூடாது. முதல்ல கன்னை உள்ள தள்ளணும், அப்பத்தான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். நீங்க தள்ளுவீங்க, மாடு முக்கும். முக்குற ஒவ்வொரு தடவையும் கன்னுக்கும் மாட்டோட இடுப்பெலும்புக்கும் நடுவுல கை நசுங்கும். விரல் மரத்துப் போய், எது கன்னோட காது, எது குளம்புன்னே தெரியாது. சோப்புத் தண்ணியும் கடலெண்ணெயும் ஊத்தி ஊத்தி, கீழ்த்தாடையில கயிறு மாட்டி, ஒருவழியா மூக்கு நேருக்கு வந்ததும்தான் இழுப்பு. அந்தக் கயித்தோட மறுமுனையில நிக்கிறவர் யாரு? உதவியாளர். மாடு முக்கும்போது இழுக்கணும், மூச்சு விடும்போது நிறுத்தணும், தோள் தாண்டினதும் தரையைப் பார்க்க இழுக்கணும். என் முகத்தைப் பார்த்தே அவர் செய்வார். இந்தப் பக்குவம் இல்லாம நாலு பேர் சேர்ந்து இழுத்து மாட்டோட இடுப்பு நரம்பு போய், எழுந்திருக்காமலே கிடந்த மாடுகளை நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணும் இருக்கு. கன்று வீச்சு நோய் தெரியும்ல, புரூசெல்லோசிஸ்? ஆறேழு மாசச் சினையில கன்னு வீசிடும், நஞ்சுக்கொடி விழாது. அதை வெறுங்கையால எடுத்தா நமக்கும் தொத்திக்கும். மனுஷனுக்கு வந்தா காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். முதுகு வலி, மூட்டு வலி, ராத்திரியில சட்டை நனையுற வேர்வை. டைஃபாய்டுன்னு ஒருத்தர் மருந்து குடுப்பார், டிபின்னு ஒருத்தர் படம் எடுக்கச் சொல்வார். கண்டுபிடிச்சதுக்கு அப்புறமும் ஆறு வாரம் மாத்திரையை விடாமச் சாப்பிடணும். கிடேரிக் கன்னுகளுக்கு 4 மாசத்துலேர்ந்து 8 மாசத்துக்குள்ள போடுற தடுப்பூசியும் உயிருள்ள கிருமிதான். துள்ளுற கன்னுக்குப் போடும்போது ஊசி தவறி நம்ம கையில குத்தினா அதே கதை. எங்க செட்டுலயே இந்தக் காய்ச்சலோட அலைஞ்சவங்க இருக்காங்க.

அதனால என்னைக் கேட்டா, தோள் வரைக்கும் வர்ற கையுறை ஒரு பெட்டி, தலையில மாட்டுற டார்ச் ஒண்ணு, முட்டி வரை வர்ற கம்பூட் ஒரு ஜோடி. கேடயத்தை வீட்டுல வைக்க இடம் இல்லை. பீரோ மேல ஏற்கெனவே தூசி படிஞ்சு நாலு கிடக்கு.

மேய்ச்சல் (ராமநாதபுரம்) – வியாழன், காலை 6:20

எல்லாரும் சாமி கும்புடுற மாதிரியே பேசுறீக. எங்க பக்கம் வந்து பாருங்கண்ணே.

ஆட்டுக்கொல்லி வந்து பட்டியே காலியானப்ப நான் போன் அடிக்காத ஆள் இல்ல. மூக்குல சளி ஒழுகி, வாயெல்லாம் புண்ணாயி, கழிஞ்சு கழிஞ்சு விழுகுது. ஆட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு வாங்கன்னாக. சாகப்போற ஆட்டை அம்புட்டுத் தூரம் எப்படி ஓட்டுறது? வழியில இருக்குற மத்தவன் பட்டிக்கும் அதைக் குடுத்துட்டுப் போகவா? கடைசியா வந்த ஆளு "பெட்ரோலுக்கு"ன்னு கையை நீட்டுனாரு. குடுத்தேன். ஊசி போட்டாரு. அதுக்குள்ள பாதிக்கு மேல போயிருச்சு.

சம்பளம் வாங்குறாக, வேலை செய்றாக. இதுல விழா என்னத்துக்கு? ஆடு மேய்ச்சதுக்கு எனக்கும் ஒரு மாலை போடுங்க, வாங்கிக்கிறேன்.

சும்மாசுப்பு – வியாழன், காலை 7:05

மேய்ச்சல் அண்ணனுக்கு ஒரு மாலை, ரெண்டு சோடா. நான் வழிமொழியுறேன்.

வெட் அக்கா – வியாழன், பிற்பகல் 1:40

மேய்ச்சல் அண்ணே, காசு கேட்டவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது தப்பு, அவ்வளவுதான். நோய் கண்ட பட்டியை ஓட்டிட்டு வரச் சொன்னது அதை விடப் பெரிய தப்பு. நீங்க சொன்ன காரணம் ரொம்பச் சரி.

ஆனா ஒரு கணக்கையும் சொல்லிடறேன். 5,000 கால்நடைக்கு ஒரு டாக்டராவது வேணும்னு தேசிய வேளாண்மைக் கமிஷன் 1976-லயே எழுதி வெச்சுது. எத்தனை மருந்தகத்துல அந்தக் கணக்கு நடைமுறையில இருக்குன்னு உங்க ஊர் மருந்தக வாசல்ல ஒரு நாள் நின்னு பாருங்க. பக்கத்து ஊர் டாக்டர் இடம் காலியா இருந்தா அதையும் நான்தான் பார்க்கணும். காலையில ஓபி, மதியம் தடுப்பூசி முகாம், நடுவுல இலவச ஆடு, கோழித் திட்டத்துக்குப் பயனாளி பட்டியல், சாயங்காலம் மீட்டிங். இது சாக்குன்னு நினைச்சாலும் பரவாயில்லை. ஒரு வேண்டுகோள்: ஆட்டுக்கொல்லிக்கு ஒரு தடவை ஊசி போட்டா மூணு வருஷத்துக்குத் தாங்கும். நோய் வந்தபிறகு போட்டு அவ்வளவா பிரயோஜனம் இல்லை. முகாம் வரும்போது மந்தையை விட்டுடாதீங்க.

ராணிப்பேட்டையான் – வியாழன், இரவு 8:15

டாக்டரா உதவியாளரான்னு போயிட்டிருக்கு. பேரே பதிவாகாமப் போன ஒரு கூட்டத்தை நான் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எங்க அப்பா ராணிப்பேட்டை ஐவிபிஎம்ல வேலை பார்த்தவர். கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம். 1932-ல ஆரம்பிச்ச இடம். முதல்ல அங்கே தயாரானது வெக்கை நோய்க்கான சீரம். இப்போ இருக்கிற பசங்களுக்கு வெக்கைன்னா என்னன்னே தெரியாது, அது நல்லதுதான். ரிண்டர்பெஸ்ட். மாட்டுக்கு எரியுற காய்ச்சல் வரும், கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகும், வாய்க்குள்ள தவிடு ஒட்டின மாதிரி புண்ணு, அப்புறம் ரத்தத்தோட கழிச்சல். நாத்தம் தெருக்கோடி வரைக்கும் வரும். ஒரு வாரம் பத்து நாள்ல மாடு போயிடும். ஒரு மாட்டோட நிக்காது, தெருவையே தொடைச்சுட்டுப் போகும். ஏர் பூட்ட மாடு இல்லாம நிலத்தை அடமானம் வெச்ச குடும்பங்கள் உண்டு.

1954-ல தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது. அதுக்கப்புறம் ஊர் ஊரா ஊசி. அந்த ஊசி மருந்து வெயில் பட்டா வீண். ஐஸ் போட்ட பிளாஸ்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு, சைக்கிள்ல, பஸ் போகாத ஊருக்கு நடந்து, மாடு மேய்ச்சலுக்குப் போறதுக்குள்ள விடிகாலையில போய் நிக்கணும். ஐஸ் உருகுறதுக்குள்ள ஊரை முடிக்கணும். சில ஊர்ல "ஊசி போட்டா பால் வத்திடும்"னு மாட்டைக் காட்டுக்குள்ள ஓட்டி ஒளிச்சுடுவாங்களாம். வால்டர் ப்ளவ்ரைட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் கென்யாவுல உட்கார்ந்து திசு வளர்ப்பு முறையில மலிவா, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் தாங்குற தடுப்பு மருந்தைக் கண்டுபிடிச்சார். அவருக்கு 1999-ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. குடுக்க வேண்டியதுதான். பிளாஸ்க் தூக்கினவங்களுக்கு ஓய்வூதியம் கிடைச்சது.

இதுல எனக்கு மறக்காத விஷயம் ஒண்ணு. இந்தியாவுல கடைசியா வெக்கை நோய் பதிவானது 1995-ல. எங்கே? எங்க வட ஆற்காடு மாவட்டத்துல. மருந்து தயாரிக்கிற நிலையம் இருந்த அதே மாவட்டம். ஆனா அதோட வேலை முடியலை. நோய் போயிடுச்சுன்னு உலகத்துக்கு நிரூபிக்கணும்னா ஊசியை நிறுத்திட்டு, நோய் திரும்ப வரலைன்னு வருஷக்கணக்குல ஊர் ஊராத் தேடிக் காட்டணும். இருக்கிறதைத் தேடுறதே கஷ்டம், இவங்க இல்லாததைத் தேடினாங்க. வீடு வீடாப் போய் "வாய்ப்புண் இருக்கா, கழிச்சல் இருக்கா"ன்னு கேட்டு, ஒண்ணும் இல்லைன்னு எழுதி வாங்கிக்கிட்டுப் போனாங்க. 2006-ல இந்தியாவுக்குச் சான்று கிடைச்சது. 2011-ல உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் அடியோட ஒழிச்சது இந்த ஒரு நோயைத்தான்.

தொண்டுப்பட்டி, உங்க பக்கம் ஓய்வு பெற்ற பழைய கால்நடை ஆய்வாளர், தடுப்பூசி போட்டவங்க யாராவது உயிரோட இருப்பாங்க. தேடிப் பிடிங்க. இன்னைக்கு எண்பது வயசுக்கு மேல இருக்கும். மேடையில உட்கார வெச்சு, அந்தக் கதையை அவங்க வாயால பேச விட்டுப் போன்ல பதிவு பண்ணி வைங்க. அதை விடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிஞ்சு இல்லை.

வன்னிப்பக்கம் (கிளிநொச்சி) – வியாழன், இரவு 9:50

ராணிப்பேட்டையான் அண்ணை, அந்த வெக்கை நோய் எங்களுக்கும் வந்தது. இலங்கையில நாற்பது வருசமா இல்லாமல் இருந்த நோய் 1987-ல திரும்ப வந்தது. இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்கெண்டு கொண்டுவந்த ஆடுகளோட வந்ததெண்டுதான் பிறகு கண்டுபிடிச்சவை. வடக்கு கிழக்கில மாடுகள், எருமைகள் செத்தது. 1994-ஓட தான் அடங்கினது. சண்டை நடக்கிற இடத்தில, சோதனைச்சாவடி தாண்டி, ஐஸ்பெட்டியோட மிருக வைத்தியர்மாரும் கால்நடை உத்தியோகத்தர்மாரும் போய் ஊசி போட்டிருக்கினம். பெட்டிக்குள்ள என்னெண்டு ரெண்டு பக்கத்தாருக்கும் திறந்து காட்ட வேண்டி இருந்ததாம். திறந்து திறந்து காட்டினா ஐஸ் எப்பிடி நிக்கும்?

எங்கட நாட்டில மிருக வைத்தியத்துக்கு இருக்கிற ஒரே பீடம் பேராதனையில. அங்க படிச்சுப்போட்டு வடக்குக்குத் திரும்பி வாற பிள்ளைகளை நாங்கள் பெரிசா எடுக்கிறேல்ல. மனிச டொக்டர் எண்டாத்தான் ஊர்ல மதிப்பு. உங்கட விழாவில அவையின்ர அம்மா அப்பாவையும் கூப்பிடுங்கோ.

டாப்சிலிப்காரி (பொள்ளாச்சி) – வெள்ளி, காலை 11:12

யானைக்காரங்களை விட்டுட்டீங்களே. எங்க பக்கம் மரியாதைன்னா முதல்ல ஞாபகம் வர்றது டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, வனத்துறை யானை டாக்டர். டாக்டர் கேன்னு கூப்பிடுவாங்க. 2002-ல காலமானார். டாப்சிலிப், முதுமலை ரெண்டுலயும் முகாம் யானைகளைப் பார்த்தவர். காட்டுல யானை செத்துக் கிடந்தா அப்படியே விட்டுடாம, எவ்வளவு அழுகிப் போயிருந்தாலும் அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதணும்னு பிடிவாதமா நின்னவர். வீச்சத்துல பக்கத்துல யாரும் நிக்க முடியாதாம். அப்படி எழுதி வெச்சதாலதான் எது நோய்ச் சாவு, எது துப்பாக்கிச் சாவுன்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது.

அவருக்கு யார் என்ன விருது குடுத்தாங்கங்கறதை விடுங்க. கூடலூர், கேரள எல்லைன்னு இருபது பேருக்கு மேல கொன்ன ஒரு மக்னா, அதான் தந்தம் இல்லாத ஆண் யானை, இருந்துச்சு. கேரளாவுல சுடச் சொல்லி உத்தரவே போட்டுட்டாங்க. 1998-ல அது தமிழ்நாட்டுப் பக்கம் வந்தப்போ டாக்டர் கே தலைமையில மயக்க ஊசி போட்டு உயிரோட பிடிச்சாங்க. உடம்பெல்லாம் காயம். தெப்பக்காட்டுல வெச்சுப் பார்த்து, அதைச் சாதுவாக்கி, அவர் பேரையே வெச்சாங்க: மூர்த்தி. 2024-ல அது வயசாகிச் செத்துச்சு. கேடயத்துல பேர் பொறிக்கறது எல்லாருக்கும் நடக்கும், இது யாருக்கு நடக்கும் சொல்லுங்க.

ஆனா நான் சொல்ல வந்தது பாகன்களைப் பத்தி. மலசர், குறும்பர், காட்டுநாயக்கர்னு தலைமுறையா இதே வேலை. டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னாடி "இன்னைக்குத் தண்ணி கம்மியாக் குடிச்சுது, பிண்டம் (சாணி) இறுகிப் போச்சு"ன்னு சொல்றது அவங்கதான். 2022-ல மத்திய அரசோட கஜ் கௌரவ் விருது ஆனைமலை மலசர் பாகன்களுக்குக் கிடைச்சது. 2023-ல 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கார் வாங்கினதும், அதுல வந்த பொம்மனையும் பெள்ளியையும் எல்லாருக்கும் தெரிஞ்சுது. தமிழ்நாடு அரசு அவங்களுக்கு மட்டும் குடுத்து நிறுத்தலை. தெப்பக்காடு, கோழிகமுத்தி ரெண்டு முகாம்லயும் இருக்கிற 91 பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் அறிவிச்சாங்க, வீடு கட்டவும் பணம் ஒதுக்கினாங்க. அதே வருஷம் பெள்ளியைத் தமிழ்நாட்டோட முதல் பெண் காவடியா, அதாவது பாகனுக்கு உதவியாளரா, வேலைக்கு எடுத்தாங்க. இது எனக்குப் பிடிச்சது. கேமராவுல வந்த ரெண்டு பேரோட நிக்காம, முகாம்ல சாணி அள்றவர் வரைக்கும் போச்சு பாருங்க.

அந்த அறிவிப்பு மார்ச்சுல. ஏப்ரல் கடைசியில தெப்பக்காட்டுல மசினிங்கற யானை அடிச்சு ஒரு பாகன் செத்துப் போனார். ஆஸ்கார் சமயத்துல ஓடியாந்த டிவிக்காரங்க யாரையும் அன்னைக்குக் காணோம்.

சும்மாசுப்பு – வெள்ளி, காலை 11:40

இதுக்கு நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

வேளச்சேரி வள்ளி – வெள்ளி, மாலை 6:30

சிட்டியிலேர்ந்து ஒரு குரல். நாய் புடிக்கிறவங்களை யாருமே சொல்லலை.

சென்னையில புளூ கிராஸ் 1959-ல தொடங்கினது. தெருநாயைக் கொல்றதுக்குப் பதிலாக் கருத்தடை பண்ணி ஊசி போட்டு அதே இடத்துல விடணும்னு 1964-லேர்ந்து அவங்க சொல்லிட்டு வந்தாங்க. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996-ல. முப்பத்திரண்டு வருஷம். அதுவரைக்கும் நாய் வண்டின்னா சாவுதான். இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. ஆனா இன்னைக்கும் விடிகாலையில வலையைத் தூக்கிட்டு வர்ற ஆளை ரெண்டு பக்கமும் திட்டுறாங்க. நாய் பிடிக்காதவங்க "ஏன்டா திரும்பக் கொண்டாந்து விடறே"ன்னு கத்துவாங்க. சோறு வைக்கிறவங்க "ஏன்டா என் பப்பியைப் புடிச்சே"ன்னு வண்டியை மறிப்பாங்க. நான் ரெண்டாவது கட்சி, எனக்கும் கோபம் வரும்தான். ஆனா எங்க தெருவுக்கு வர்றவர் வலையை வீசினதும், நாய் தன்னையே கடிச்சுக்காம இருக்கக் கோணியைப் போட்டு மூடிட்டு, தரையில உட்கார்ந்து அது மூச்சு அடங்குற வரைக்கும் மெதுவாத் தட்டிட்டே இருப்பார். யாரும் பார்க்கலைன்னாலும் செய்வார். காது ஓரத்துல வெட்டு இருக்கான்னு முதல்ல பார்ப்பார். இருந்தா, ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதுன்னு விட்டுடுவார்.

அவர்கிட்ட கேட்டேன், "கடிபடறதுக்கு முன்னாடியே போடற வெறிநோய் ஊசி போட்டிருக்கீங்களா?" "அப்படி ஒண்ணு இருக்கா?"ன்னார். ஒப்பந்த ஆள், யாரும் சொல்லலை. முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ம் நாள்னு மூணு ஊசி. இதைப் போட்டவங்களைப் பின்னாடி நாய் கடிச்சாலும் ரெண்டு ஊசியோட முடியும், காயத்தைச் சுத்திக் குத்துற சீரம் தேவைப்படாது. அரசு ஆஸ்பத்திரியில பேசி உங்க ஊர்ல விலங்கைத் தொடற எல்லாருக்கும் இதைப் போட வைங்க. உதவியாளர், நாய் பிடிக்கிறவர், வீட்டுல பத்து நாய் வெச்சுக் காப்பாத்துற பாட்டி, எல்லாருக்கும்.

கைப்பக்குவம் (நாமக்கல்) – வெள்ளி, இரவு 8:02

நாட்டு வைத்தியரை எல்லாரும் மறந்துட்டீங்க. எங்க தாத்தாவுக்குச் சுத்துப்பட்டு அத்தனை மாடும் பழக்கம். சர்டிபிகேட் இல்லாதவங்களை மேடை ஏத்தினா டாக்டருங்க கோவிச்சுக்குவாங்களோ?

வெட் அக்கா – வெள்ளி, இரவு 10:20

நான் கோவிச்சுக்க மாட்டேன், ஆனா ஒரு நிபந்தனை உண்டு. தஞ்சாவூர்ல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட மையத்துல பேராசிரியரா இருந்த டாக்டர் ந. புண்ணியமூர்த்தி இந்தக் கைவைத்தியத்தை எல்லாம் எடுத்து அளவு போட்டு முறைப்படுத்தினார். மடிவீக்கத்துக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைச்சு, கொஞ்சமாத் தண்ணி விட்டு, பாலைச் சுத்தமாக் கறந்துட்டு மடி முழுக்கத் தடவணும், ஒரு நாளைக்குப் பத்து தடவை மாதிரி, அஞ்சு நாள். தேசிய பால்வள வாரியமே இதை ஊர் ஊராச் சொல்லிக் குடுக்குது. ஆன்டிபயாட்டிக் போட்ட பாலைக் கீழே ஊத்தணும், இதுல அந்த நஷ்டம் இல்லை. நானே எழுதித் தர்றேன்.

நிபந்தனை இதுதான்: அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), சப்பை நோய், வெறிநோய் இந்த மூணுலயும் "நான் பார்த்துக்கறேன்"னு சொல்ற வைத்தியரை மேடை ஏத்தாதீங்க. அடைப்பான்ல செத்த மாட்டை அறுக்கவே கூடாது. அறுத்தா அந்த மண்ணு வருஷக்கணக்குல விஷம், அறுத்தவர் கைக்கும் ஆபத்து. உங்க தாத்தா மாதிரி ஆளுங்க பெரும்பாலும் எது தன் கையை மீறினதுன்னு தெரிஞ்சு எங்ககிட்ட அனுப்பிடுவாங்க. அப்படி அனுப்பறவங்களைக் கண்டிப்பாக் கூப்பிடுங்க.

மேய்ச்சல் – சனி, காலை 5:55

நேத்து ராத்திரி பூராம் படிச்சேன். எங்க பக்கத்து ஊர்ல ஒரு அக்கா இருக்கு. புருசன் இல்ல, சொந்தமா பத்துப் பன்னெண்டு வெள்ளாடு. முகாம் வருதுன்னா ஒவ்வொரு பட்டியாப் போயி "நாளைக்கு ஓட்டாதீக, கட்டி வைங்க"ன்னு சொல்லும். ஊசி போடையில ஆட்டைக் காலுக்கு நடுவுல இடுக்கிப் பிடிச்சு, போட்டதுக்கு நெத்தியில சாயத்தைத் தடவி விடும், ரெண்டு தடவை போட்டுறக் கூடாதுன்னு. சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கிடையாது. அது ஊர்ல ஆட்டுக்கொல்லி எட்டிப் பார்க்கல, எங்கூர்லதான் வாரிட்டுப் போச்சு.

தாராபுரம் தூரம், அது வராது. ஆனா இங்கனயும் ஒண்ணு நடத்துனா அதுக்குத்தான் முதல் மாலைன்னு நான் சொல்லுவேன். டாக்டருக்கு ரெண்டாவது. காசு கேட்டவருக்குக் கெடையாது.

தொண்டுப்பட்டி – சனி, இரவு 9:25

எல்லாத்துக்கும் நன்றிங்க. இன்னைக்குச் சொசைட்டியில மறுக்கா உட்கார்ந்தோம். சண்டையாத்தான் போச்சு. ஃப்ளெக்ஸ் வேணும்னு ரெண்டு பேர் எந்திரிச்சே போயிட்டாங்க, அப்புறம் டீக்குத் திரும்பி வந்தாங்க.

இதுவரைக்கும் முடிவானது: கேடயம் இல்லை. டாக்டர், உதவியாளர், சினை ஊசி போடறவர், பஞ்சாயத்துல நாய் பிடிக்கற ஆளு, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பை. அதுல தோள் கையுறைப் பெட்டி, தலை டார்ச், ஈரோட்டுத் துண்டு (சுப்பு பேரைச் சொல்லித்தான் கேட்டேன்). கம்பூட்டுக்குக் காசு பத்தலைங்க, கால் அளவு வாங்கிட்டு ஆடி மாசம் பார்க்கலாம்னு விட்டாச்சு. வெறிநோய் ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டோம், மேல கேட்டுச் சொல்றேன்னிருக்காங்க. இது இழுக்கும்னு நினைக்கறேன், ஆனா விடறதா இல்லை.

ராணிப்பேட்டை அண்ணா சொன்ன மாதிரி தேடினதுல வெக்கை ஊசி போட்ட ஒரு பெரியவர் மூலனூர்ப் பக்கம் இருக்கார்னு தெரிஞ்சுது. காது சரியாக் கேக்காதாம். போன்ல "எதுக்குங் கண்ணு, அதெல்லாம் முடிஞ்சு போன கதை"ன்னார். கார் அனுப்பறோம்னு சொல்லிட்டோம். தலைவர் பேச்சு அஞ்சு நிமிஷம், அவருக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு.

விழா சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெச்சிருக்கோம். பக்கத்துல இருக்கறவங்க வாங்க.

வெட் அக்கா – சனி, இரவு 9:41

பத்து மணிக்கா? அந்த நேரத்துல டாக்டருக்கும் உதவியாளருக்கும் ஓபி. முந்தின நாள் சாயங்காலம் கத்தின மாட்டையெல்லாம் அன்னைக்குக் காலையிலதான் சினை ஊசிக்கு ஓட்டிட்டு வருவாங்க. ஒண்ணு, அவங்க வர மாட்டாங்க. இல்லைன்னா வந்து உட்கார்ந்துட்டு, வாசல்ல மாட்டோட நிக்கிற ஜனங்க உங்களைத் திட்டும். சாயங்காலம் வைங்க.

தொண்டுப்பட்டி – சனி, இரவு 9:50

அட ஆமாங்க்கா. சாயங்காலம்னா சொசைட்டியில பால் ஊத்தற நேரம் வருது. ராத்திரி ஏழரைன்னு மாத்திடறேன். பந்தக்காரருக்கு டியூப்லைட் சேர்த்துச் சொல்லணும்.

சும்மாசுப்பு – சனி, இரவு 9:53

டியூப்லைட் எதுக்கு? ஆளுக்கு ஒரு தலை டார்ச் குடுக்கறீங்களே.